கன்சோல்மேல் ஏறிய பெட்டி

தனித்தனித் தடங்களில் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து, இடம் பார்த்து ஒன்றோடொன்று இணக்கி ஒரே பாட்டாக்கும் பணி மிக்சிங் எனப்படுகிறது. அப்பணியில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று ஒலிப்பதிவாளர் கேட்டு முடிவுசெய்ய உதவும் ஒலிபெருக்கிக்கு ஸ்டுடியோ மானிட்டர் என்று பெயர். வீட்டு அறையொன்றின் மூலையில் மேசை போட்டு வேலை செய்பவர்கள் இன்று வாங்கும் சிறு மானிட்டர், பெரிய மானிட்டரை வாங்க வசதியற்றவர்களுக்காக உருவான மலிவுப் பதிப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பெரிய ஸ்டுடியோக்களில் பணியாற்றியவர்களே, தாம் அமர்ந்திருந்த அறையின் மீது ஐயம் கொண்டு, இச்சிறு பெட்டிகளை நாடினார்கள்.

1940களில் அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் வெளியிட்ட 604 என்னும் ஒலிபெருக்கி, கீழ் ஒலிகளுக்கான 15 அங்குல வூஃபரின் நடுவிலேயே உயர் ஒலிகளுக்கான ஹார்னைப் பொருத்திய அமைப்பால், அந்நாட்டு ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அத்தகைய பெரிய மானிட்டர்கள் ஒலிப்பதிவாளரிடமிருந்து சில மீட்டர் தள்ளியே நிறுத்தப்பட்டன. ஒலிபெருக்கியிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி, தொலைவு இரட்டிக்கும்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஓரளவு ஒரே வலிமையில் பரவி நிற்கிறது. ஆதலால் குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் இருப்பவர் கேட்பது ஒலிபெருக்கியைவிட அறையையே அதிகம். ஒரே ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்தவருக்கு அந்த அறையின் குணம் பழகிவிடும். 1970களில் எந்த நிறுவனத்தையும் சாராமல் ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ சென்று மிக்சிங் செய்யும் பொறியாளர்கள் பெருகியபோது, அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை.

அவர்கள் கண்ட வழி எளியது: கையில் எடுத்துச் செல்லக்கூடிய இரு பெட்டிகளை, மிக்சிங் செய்யும் மேசையான கன்சோலின் மேல்விளிம்பில், முகத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவில் வைத்துக்கொள்வது. இவ்வாறு கேட்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் எட் லாங் 'நியர்ஃபீல்டு', அதாவது அண்மைப்புலம், என்று பெயரிட்டார். இயற்பியலில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்று அறிஞர்கள் இன்றளவும் முணுமுணுப்பதுண்டு. தொழிலில் பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றைக் கூம்பு கொண்ட ஆரடோன் என்னும் கனசதுரப் பெட்டி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டு எப்படி ஒலிக்கும் என்று சரிபார்க்க அமெரிக்க ஸ்டுடியோக்களில் இடம்பிடித்தது. 1982இல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பை மிக்சிங் செய்த புரூஸ் ஸ்வீடியன் அதைப் பெரிதும் நம்பியவர். இங்கிலாந்திலோ, வெளியிட ஒலிபரப்பு வேன்களுக்குள் இடம் மிகக் குறுகலாக இருந்த நிலையில், குரலைத் துல்லியமாக மதிப்பிட பிபிசியின் ஆய்வுத்துறை 1970களின் முற்பாதியில் எல்எஸ்3/5ஏ என்னும் பெட்டியை வடிவமைத்தது. உயரம் 30 சென்டிமீட்டரே கொண்ட அப்பெட்டி ஆழ்ந்த கீழ் ஒலியைத் தரவில்லை. வேனுக்குள் அதை எதிர்பார்ப்பதில் பொருளும் இல்லை.

இவ்வரலாற்றின் மையப் பாத்திரம் ஜப்பானின் யமஹா நிறுவனம் 1978இல் வெளியிட்ட என்எஸ்-10எம். அகிரா நகமுரா வடிவமைத்த, வெள்ளைக் கூம்பு கொண்ட அப்பெட்டி, வீட்டுப் புத்தக அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. வீடுகளில் அது எடுபடவில்லை. கீழ் ஒலி மெலிந்தும், குரலும் கித்தாரும் வாழும் நடு ஒலி துருத்திக்கொண்டும் இருந்த அதன் குரல் செவிக்கு இனியதன்று. ஆயினும் பாப் கிளியர்மவுன்டன் போன்ற பெயர்பெற்ற பொறியாளர்கள் கையாண்டதைப் பார்த்து மற்றவர்களும் வாங்க, 1980களில் அது மேலைநாட்டு ஸ்டுடியோக்களின் கன்சோல்கள்மீது தவறாமல் காணப்படும் பொருளாயிற்று. அதன் உயர் ஒலியின் கூர்மையைத் தாங்க மாட்டாத சிலர், அவ்வொலியை எழுப்பும் பகுதியான ட்வீட்டரின்மேல் கழிப்பறைத் தாளைத் தொங்கவிட்டார்கள். எந்தத் தாள் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்று பாப் ஹோடஸ் என்னும் பொறியாளர் அளந்து கட்டுரையே எழுதினார். 1987இல் யமஹா ட்வீட்டரைச் சற்றுத் தணித்து, பெட்டியைப் படுக்கைவாட்டில் வைக்க ஏற்றதாக்கி, ஸ்டுடியோவுக்கென்றே ஒரு வடிவத்தை வெளியிட்டது.

இனிமையற்ற பெட்டி ஏன் நம்பப்பட்டது என்ற கேள்விக்கு, சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அதை முப்பதுக்கும் மேற்பட்ட பிற மானிட்டர்களோடு ஒப்பிட்டு அளந்து 2001இல் ஃபிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. பெரும்பாலான சிறு மானிட்டர்களில், பெட்டியின் துளை வழியே காற்றை அதிரவைத்துக் கீழ் ஒலியைக் கூட்டும் உத்தி கையாளப்படுகிறது. அவ்வாறு பிறக்கும் ஒலி, டிரம்மின் அடி நின்ற பின்னும் சற்றே இழுத்துக்கொண்டு நிற்கும். துளையற்ற மூடிய பெட்டியான என்எஸ்-10எம்மோ கீழ் ஒலியைக் குறைவாகவே தந்தது; தந்ததை உடனே நிறுத்தியது. டிரம்மும் பேஸ் கித்தாரும் ஒன்றையொன்று மறைக்கின்றனவா என்பது அதனால் தெளிவாகக் கேட்டது. நிறைய ஒலிக்கும் பெட்டியைவிட நேரத்தோடு அடங்கும் பெட்டி மேல் என்பதே இந்த ஆய்விலிருந்து கொள்ளத்தக்க பாடம். விற்பனை விளம்பரங்களோ இன்றும் எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழிறங்கும் என்பதையே முழங்குகின்றன.

சிறிய அறையில் அந்த எண் பெரும்பாலும் வெற்று எண்தான். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3 மீட்டரே உள்ள அறையில், 57 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி சுவர்களுக்கிடையே நிலையலையாகத் தேங்கி, சுவரோரம் வீங்கியும் அறையின் நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் கேட்கும். பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்த மானிட்டரின் 86 ஹெர்ட்ஸ் ஒலியை, அச்சுவரில் பட்டுத் திரும்பும் அதே ஒலி எதிர்த்து அழிக்கும். நியர்ஃபீல்டு ஏற்பாடு நடு ஒலியையும் உயர் ஒலியையும் அறையிடமிருந்து மீட்டதேயன்றி, பல மீட்டர் அலைநீளம் கொண்ட கீழ் ஒலியை மீட்கவில்லை. என்எஸ்-10எம் வெளிவந்த அதே 1978இல் ஃபின்லாந்தின் ஈசல்மி நகரில் தொடங்கப்பட்ட ஜெனலெக் நிறுவனம், ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே வைத்த மானிட்டர்களை முதலில் அந்நாட்டு ஒலிபரப்புக்கழகத்துக்காகச் செய்தது. இவ்வகை மானிட்டர்களின் பின்புறத்தில் சுவரோரத்திலும் மூலையிலும் கீழ் ஒலியைத் தணிப்பதற்கான சிறு பொத்தான்கள் அமைக்கப்பட்டன. அவை வீக்கத்தைக் குறைக்கும், விழுந்த பள்ளத்தை நிரப்பா. இன்று சிறிய அறைக்கு 8 அங்குலக் கூம்பா, 5 அங்குலக் கூம்பா என்று தயங்குபவர் 5 அங்குலத்தை வாங்கி, மிச்சப்படும் பணத்தைக் கண்ணாடிக் கம்பளி அடைத்த தடித்த பலகைகளாக மூலைகளில் நிறுத்துவதே அறிவுடைய செயல்.

வெள்ளைக் கூம்புக்குரிய மரக்கூழ் கிடைக்காமற்போனதால் 2001இல் யமஹா என்எஸ்-10எம்மின் உற்பத்தியை நிறுத்தியது. வீடுகளில் விலைபோகாத அப்பெட்டிக்காக 2008இல் அந்நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.