பெற்றோருக்கு ஐரோப்பாவில் வேலை, பிள்ளைக்கு ஆங்கில வழிப் பட்டப்படிப்பு: 18 வயதுக்கு முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் பணி நியமனம் பெறும் பெற்றோர் முதலில் கணக்கிடுவது ஊதியத்தையும் வீட்டு வாடகையையும்தான். ஆனால், வீட்டில் பிளஸ் 2 பயிலும் மகனோ மகளோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியை. 18 வயது நிறைவதற்குள் குடும்ப உறுப்பினராக விண்ணப்பிப்பவருக்கும், அதன் பின்னர் மாணவராக விண்ணப்பிப்பவருக்கும் கல்விக் கட்டணம், வேலை செய்யும் உரிமை, காட்ட வேண்டிய வங்கி இருப்பு ஆகியவை பெரிதும் வேறுபடக்கூடும்.

இந்தியக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. தந்தையோ தாயோ முதலில் சென்று வீடு பார்ப்பார். பிள்ளையின் பொதுத் தேர்வு முடிந்ததும் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். இளைய பிள்ளைகள் விஷயத்தில் இதனால் இழப்பில்லை. 17 வயதுப் பிள்ளையின் விஷயத்தில் அந்த ஓராண்டே வாய்ப்பைப் பறித்துவிடலாம்.

பிறந்தநாள் ஏன் முக்கியம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு குடும்ப இணைப்பு நெறிமுறையின்படி, பெற்றோருடன் சேர்ந்து வாழும் உரிமை வயதுவராத, மணமாகாத பிள்ளைகளுக்கே உரியது. வயதுவந்த பிள்ளைகளை அனுமதிப்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அதுவும் உடல்நலக் காரணங்களால் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாதவர்களுக்கு மட்டுமே. டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த நெறிமுறைக்கு உட்படவில்லை. அந்நாடுகளில் தனிச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன.

எந்தத் தேதியில் உள்ள வயதைக் கணக்கில் கொள்வது என்ற கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 ஜூலையில் விடையளித்தது. பெல்ஜியம் தொடர்பான அவ்வழக்கில், விண்ணப்பம் அளிக்கப்பட்ட நாளில் உள்ள வயதே அளவுகோல் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. எனவே, 18-ஆவது பிறந்தநாளுக்கு முன் முறையாக விண்ணப்பித்தவர், பரிசீலனை நீடிக்கும் காலத்தில் வயது கடந்துவிட்டார் என்ற காரணத்தால் மட்டும் உரிமையை இழப்பதில்லை.

உயர்திறன் பணியாளர்களுக்கான ‘ப்ளூ கார்டு’ பெறுவோருக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட நெறிமுறையின்படி, குடும்பத்தினர் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால், நிபந்தனைகள் நிறைவேறிய நிலையில் அனைவருக்கும் அனுமதி ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும். ஜெர்மனியில் 16 வயது நிறைந்த பிள்ளை பெற்றோருக்குப் பின்னர் தனியாகச் சென்றால், உயர்நிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சி கோரப்படலாம். பெற்றோருடன் சேர்ந்தே குடிபெயர்ந்தாலோ, பெற்றோர் ப்ளூ கார்டு வைத்திருந்தாலோ அந்த நிபந்தனை இல்லை.

ஜெர்மனி: கட்டணம் குறைவு, நுழைவு கடினம்

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்காக, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டு மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வசூலிக்கிறது.

எனினும், இரண்டு தடைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, ஆங்கில வழிப் படிப்புகளில் பெரும்பாலானவை முதுநிலையில்தான் உள்ளன. இளநிலையில் அவை குறைவு. இரண்டாவதாக, இந்தியாவின் 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதுமானதாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. இந்தியாவில் பட்டப்படிப்பின் முதலாண்டை முடித்திருக்க வேண்டும், அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு இல்லாதோர் ‘ஷ்டூடியன்கோலெக்’ எனப்படும் ஆயத்தப் படிப்பை மேற்கொள்ளலாம். அது வழக்கமாக ஓராண்டு, பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடைபெறும்.

குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். தகுதிக்காக இந்தியாவிலேயே ஓராண்டு கல்லூரியில் படித்தால், அதற்குள் பிள்ளைக்கு 18 வயது கடந்துவிடும். பின்னர் மாணவர் விசாவில்தான் செல்ல இயலும். அதற்கு இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஏபிஎஸ் சான்றிதழ் தேவை. வாழ்க்கைச் செலவுக்காக முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ வைப்பதே வழக்கமான நடைமுறை. இத்தொகை 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள்கள் மட்டுமே வேலை செய்யலாம். குடும்ப அனுமதியில் வந்தவருக்கு இத்தகைய வரம்பு இல்லை.

ஸ்வீடன், ஃபின்லாந்து: அனுமதியின் வகையே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது

ஸ்வீடன் 2011 முதலும், ஃபின்லாந்து ஆங்கில வழிப் பட்டப்படிப்புகளுக்கு 2017 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களிடம் கட்டணம் பெறுகின்றன. ஆனால், ஸ்வீடனில் படிப்பு அல்லாத வேறு காரணத்துக்காக வழங்கப்பட்ட குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஃபின்லாந்திலும், படிப்பு அல்லாத காரணத்துக்காக வழங்கப்பட்ட தொடர் குடியிருப்பு அனுமதி உடையோருக்கு விலக்கு உண்டு. ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் பயிலும் இரு இந்திய மாணவர்களில், பெற்றோருடன் வந்தவர் கட்டணமின்றிப் படிக்க, மாணவர் அனுமதியில் வந்தவர் ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தும் நிலை உருவாவது இதனால்தான். நார்வேயும் 2023 முதல் கட்டண முறைக்கு மாறியுள்ளது.

நெதர்லாந்து, அயர்லாந்து: ஆங்கிலம் எளிது, செலவு அதிகம்

ஆங்கில வழி இளநிலைப் படிப்புகளை அதிக எண்ணிக்கையில் வழங்கும் நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. அங்கு 2025-26 கல்வியாண்டுக்கான சட்டப்பூர்வக் கட்டணம் 2,601 யூரோ. இது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், குறிப்பிட்ட சில வகை நெதர்லாந்து அனுமதி உடையோருக்கும் மட்டுமே பொருந்தும். ஏனையோர் இதைப்போலப் பல மடங்கு செலுத்த வேண்டும். பிள்ளையின் அனுமதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது நலம்.

ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அயர்லாந்தில் மொழித் தடை இல்லை. ஆனால், அங்குள்ள இலவசக் கட்டணத் திட்டத்துக்குக் குடியுரிமை சார்ந்த நிபந்தனையுடன், முந்தைய 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் ஐரோப்பாவில் வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. புதிதாகக் குடியேறும் குடும்பத்தின் பிள்ளை உடனடியாக இதன் பயனைப் பெற இயலாது.

ஒரு நாட்டின் குடும்ப அனுமதி, அண்டை நாட்டில் கட்டணச் சலுகையைப் பொதுவாகப் பெற்றுத் தராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜெர்மனியில் பெற்றோருடன் வசிக்கும் இந்திய மாணவி நெதர்லாந்தில் சேர்ந்தால், கட்டண விஷயத்தில் அவர் வெளிநாட்டவராகவே கருதப்படுவார்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

* பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் விசா விண்ணப்பிக்க நிறுவனம் உதவுமா என்று கேட்டறிய வேண்டும்.

* தூதரக முன்பதிவுக்கே பல வாரங்கள் ஆகக்கூடும். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பெற்றோரின் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்பதை முன்னரே சரிபார்க்க வேண்டும்.

* பொதுத் தேர்வு குறுக்கிட்டால், விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்கு முன் அளித்து, பயணத்தைத் தேர்வுக்குப் பின் மேற்கொள்ள இயலுமா என்பதைத் தூதரகத்திடம் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

* ஸ்வீடனின் முதல் சுற்று விண்ணப்பம் ஜனவரி நடுவில் முடிவடைகிறது. நெதர்லாந்தில் இடவரம்புள்ள படிப்புகளுக்கு ஜனவரி 15 கடைசி நாள். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 வழக்கமான கடைசி நாள்.

* பள்ளியில் ஆங்கில வழியில் பயின்றிருந்தாலும், பல பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் மதிப்பெண் கேட்கின்றன.

வகுப்பறை ஆங்கிலத்தில் இயங்கினாலும், பகுதிநேர வேலை, தொழிற்பயிற்சி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர் மொழியில்தான் இயங்கும். ஆகவே, ஆங்கில வழிப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளூர் மொழியைக் கற்கத் தொடங்குவது பயன் தரும்.

விதிகளும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், இறுதி முடிவுக்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகம் மற்றும் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்புகளைச் சரிபார்ப்பது அவசியம். எந்த நாடு, எந்தப் பாடம் என்பவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கடந்துவிட்ட 18-ஆவது பிறந்தநாளை மாற்ற இயலாது.