கடையில் வாங்காத கயிறு

இன்னிக்கு மலையேறணும்னா கயிறு, கொக்கி, கோட்டு எல்லாமே கடையில ரெடியா கிடைக்குது. நூறு வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. 1922-ல எவரெஸ்ட் ஏறப்போன ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள்ள வாத்து இறகைத் திணிச்சு ஒரு கோட்டு தச்சுக்கிட்டார். கூட வந்தவங்க பார்த்துச் சிரிச்சாங்களாம். அந்தக் கோட்டோட அவர் 8,300 மீட்டருக்கும் மேல போய்ட்டு வந்தார். இப்போ இறகுக் கோட்டு இல்லாம அங்கே யாரும் போறதில்லை!

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஆனைமலைக் காடர்கள் இதுக்கும் முன்னாடியே கில்லாடிகள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளியான தன் ஏழு தொகுதிப் புத்தகத்தில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உயரமான மரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடித்து, அதையே படியாக்கி ஏறுவார்கள். பாறை விளிம்பில் தேன் எடுக்க, மேலே மரத்தில் கட்டிய பிரம்புச் சங்கிலியைப் பிடித்து இறங்குவார்கள். ஐரோப்பாவில் பாறையில் அடிக்கும் நவீன இரும்பு முளைகள் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான், 1910 வாக்கில்.

சரி, கையால் செஞ்ச சங்கிலி தாங்கும்னு யார் கேரண்டி? எங்க தெள்ளார் பக்கம் பட்டுத்தறியில இழை அறுந்தா, முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்யலாம். அங்கே அறுந்தா ஆள் காலி. யாராவது வேணும்னே அவிழ்த்துவிட்டாலும் அதே கதிதான்.

அதனால்தான் மேலே காவலுக்கு மனைவியோ மகனோ நிற்பார்களாம், யாரும் சதி பண்ணிடக் கூடாதுன்னு. நீலகிரிக் குறும்பர்களிடம் இந்த வேலை மச்சானுக்கு. அவங்க கயிறும் காட்டுக்கொடியில் அவங்களே திரிச்சதுதான். மச்சானை ஏன் நிறுத்தறாங்க? கூடப்பிறந்தவளை எவன் விதவையாக்குவான்? என்னா கணக்கு பாருங்க!

1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சிக்குப் போனப்போ நைலான் கயிறு வந்தாச்சு. அதுக்கப்புறம் கயிறு எத்தனை கிலோ தாங்கும்னு சோதிச்சு, சீட்டு ஒட்டி விற்கிற காலமும் வந்துச்சு. காடருக்கும் குறும்பருக்கும் அந்தச் சீட்டு கிடையாது. மேலே நிற்கிற ஆளை நம்பித்தான் கீழே இறங்கினாங்க. மலையேற்ற வரலாறுன்னு எழுதுற புத்தகங்களில் ஃபின்ச்சுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. சங்கிலி பின்னின இந்தக் கைகளுக்கும், அதைக் காத்து நின்ன அந்த மச்சானுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா, சொல்லுங்க?