யானையின் உடுப்புக்கு ஓர் ஒளிநூல்

கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் வெளிச்சத்துக்கு இரண்டு வேலைகள். வழியைக் காட்டுவது ஒன்று. யானையின் மேலிருக்கும் பட்டையும் சரிகையையும் காட்டுவது மற்றொன்று. முதல் வேலையைப் பந்தம் பிடிப்பவர்கள் இன்றும் பழைய முறையில்தான் செய்கிறார்கள். நீண்ட கழியின் நுனியிலுள்ள இரும்புக் கூண்டில் கொப்பரா எரிகிறது, புகைகிறது, தணல் சிதறுகிறது. இரண்டாவது வேலைக்கு மின்சாரம் வந்துவிட்டது. உடுப்பின் ஓரங்களில் வைத்த சிறு குமிழ்ச் சரங்கள் பற்றரியில் எரிகின்றன.

சரம் துணியின் மேல் ஏற்றிவைத்த பொருள்தான், துணியாகிவிடாது. யானை அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தோளும் விலாவும் அசைய, உடுப்பு ஓயாமல் மடிந்து விரிகிறது. குமிழுக்கு மடியத் தெரியாது. பற்றாசு வைத்த மூட்டு ஒன்று விட்டுப்போனால் சரத்தின் ஒரு துண்டே இருண்டுவிடும். அதனால்தான் நூலே ஒளிர்ந்தால் என்ன என்ற கேள்வி எனக்குக் கண்டியில் மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அப்படியொரு நூல் பிறந்துவிட்டது. ஆனால் அது வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

அதன் உயிர்ப்பொருள் துத்தநாக சல்பைட்டு. பிரான்சில் தியோடர் சிடோ 1866இல் இதன் பளிங்குகளை வளர்த்து, வெளிச்சம் பட்டபின் அவை இருளிலும் ஒளிர்வதைக் கண்டார். அதன்பின் 1936இல் ஜோர்ஜ் டெஸ்ட்ரியோ பாரிஸில் அதே பொருளின் தூளை ஆமணக்கெண்ணெயில் கலந்து, மாறிமாறிப் பாயும் வலிய மின்புலத்தில் வைத்தார். சூடேறிச் சிவக்கவேண்டிய இழை எதுவும் இல்லை. தூள் தானாக ஒளிர்ந்தது. விலங்கின் உடலோடு ஒட்டிக்கிடக்கப்போகும் துணிக்கு இதைவிடப் பொருத்தமான ஒளி எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகள் இந்த ஒளி தட்டையான தகடாகவே இருந்தது. வண்டிகளிலும் விமானங்களிலும் அளவுமானிகளுக்குப் பின்னால் மங்கலாக எரிந்தது. கம்பியாக உருமாறியது 1990களில். இஸ்ரேலின் எலாம் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நடுவில் செப்புக் கம்பி, அதன்மேல் ஒளிரும் தூளின் பூச்சு, அதற்கும் மேல் மின்சாரம் கடத்தும் கண்ணாடி போன்ற படலம், அதைச் சுற்றி மயிரளவு மெல்லிய இரண்டு கம்பிகள், வெளியே நிறமூட்டிய பிளாஸ்டிக் உறை. விரும்பியபடி வளைக்கலாம், முடிச்சுகூடப் போடலாம். குறைகளும் உண்டு. பற்றரியின் மின்சாரத்தை உயர் அழுத்த மாறுமின்னாக மாற்ற ஒரு பெட்டி வேண்டும். அது மெல்ல ரீங்கரிக்கும். ஈரம் உள்ளே புகுந்தால் தூள் கெடும். எரிய எரிய ஒளியும் மங்கும். ஆடித் தூறலில் நடக்கும் பெரஹராவுக்கு ஈரம் சின்ன விஷயமல்ல.

கம்பி நெசவுக்குள் வந்த கதைதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் பெங் ஹுய்ஷெங் குழுவினர் நெய்த துணியைப் பற்றிய கட்டுரை 2021இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நீளம் 6 மீட்டர், அகலம் 25 சென்ரிமீட்டர். பாவுநூலில் ஒளிரும் பூச்சு. ஊடைநூலோ மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் நூல். இரண்டும் தொடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு. அந்தத் துணியில் அப்படி ஏறக்குறைய 5 இலட்சம் விளக்குகள் இருந்தன. மடித்தாலும் இழுத்தாலும் அழுத்தினாலும் அவை ஒளிர்ந்தன. உடதும்பரைப் பக்கம் தலகுனேயில் தும்பர நெசவு நெய்பவர்களுக்குப் பாவும் ஊடையும் சந்திக்கும் அந்தப் புள்ளியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊடைநூல் அயனி சேர்த்த பொலியூரித்தேன். அயனிகள் நகரும் பிளாஸ்டிக் கண்டிக்குப் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறையில் எம். ஏ. கே. எல். திசாநாயக்க நெடுங்காலம் ஆராய்ந்தது இத்தகைய பொலிமர் மின்பகுபொருள்களைத்தான். ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலும் அந்த ஆய்வு தொடர்ந்தது. அங்கே அது பற்றரிக்கும் சூரியக் கலத்துக்குமான ஆய்வு. அந்த அறிவு ஒளிநூலுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

2024இல் ஷாங்காயின் டோங்ஹுவா பல்கலைக்கழகக் குழு இன்னொரு நூலை 'சயன்ஸ்' இதழில் அறிவித்தது. வெள்ளி பூசிய நைலோன் நூலின்மேல் பேரியம் டைட்டனேற்று கலந்த படலம், அதன்மேல் துத்தநாக சல்பைட்டு. மின்னணுச் சில்லும் இல்லை, பற்றரியும் இல்லை. சுற்றிலும் பரவியிருக்கும் மின்காந்த ஆற்றலை நம் உடல் வழியாகப் பெற்று, தொட்டவுடன் ஒளிர்கிறது. மனித உடலில் நடப்பது யானையின் உடலில் எப்படி நடக்கும் என்று அளந்து பார்க்கக் கண்டியை விட நல்ல இடம் ஏது? அந்தப் பூச்சுக்குத் தேவையான டைட்டேனியத்தின் தாதுவான இல்மனைற்று புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது.

உடுப்பில் ஒளி சேர்க்கும் வேலை இலங்கைக்கும் வந்துவிட்டது. எம்ஏஎஸ் ஹோல்டிங்ஸின் புத்தாக்கப் பிரிவான ட்வைனரி 'ஃபயர்ஃபிளை' என்ற பெயரில் அதைச் செய்தது. பல்லேகலை கைத்தொழிற் பேட்டையில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பேராதனை, ஹந்தானை, பல்லேகலை மூன்றும் தலதா மாளிகையிலிருந்து சில மைல்களுக்குள்தான்.

இந்த நூல் யானைக்கு மட்டும் உரியதல்ல. கடுகண்ணாவ ஏற்றத்தில் பனிமூட்டத்தில் வீதி திருத்துபவரின் மேற்சட்டையில், விடியுமுன் தோட்டத்துப் பாதையில் இறங்கி வருபவர்களின் மழைக்கோட்டில் இது இருக்கவேண்டும். பிறர் விளக்கு பட்டால்தான் மின்னும் பட்டை போதாது. வண்டி வளைவைத் தாண்டும் முன்பே ஆள் தெரியவேண்டும்.

ஆனாலும் தொடக்கம் பெரஹராவில் என்றால், அதன் முற்பகுதியான கும்பல் பெரஹரா நடக்கும் ஐந்து இரவுகளைத் தேர்வேன். ஒரே ஒரு யானை, அதன் உடுப்பின் ஓரம் மட்டும், ஊசியால் தைத்த ஒளிநூல். ஒவ்வோர் இரவும் எத்தனை இடத்தில் மங்கியது, மழை எங்கே புகுந்தது, மின்சாரத்தை மாற்றும் பெட்டியின் ரீங்காரம் யானையின் காதுக்குத் தொல்லையா என்று பாகனையும் தையற்காரரையும் கேட்டு எழுதவேண்டும். யானை நம்மைவிடத் தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும். உயர்ந்த ஒலிகள் அதற்கு அவ்வளவாக எட்டா. பெட்டியின் அலைவெண்ணைத் தீர்மானிக்கும்போதே அதைக் கணக்கில் எடுக்கலாம்.