முத்துக்கரையின் இலை

தூத்துக்குடி என்றதும் முத்து நினைவுக்கு வராதவர் யார்? கொற்கை முத்தை நம் புலவர்கள் பாடினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி வியந்து எழுதச் செய்தார். ஆனால் அதே கரையிலிருந்து கப்பலேறிய இன்னொரு சரக்கை யாரும் பாடவில்லை. பாடுவதற்குச் சற்றுக் கூச்சமான சரக்குத்தான். மலச்சிக்கலுக்கு மருந்தான நிலாவாரை இலை அது!

நிலவாகை என்றும் இதைச் சொல்வதுண்டு. இடுப்புயரம் வளரும் குற்றுச்செடி. ஆவாரைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பூவும் அதே மஞ்சள். அரேபியாவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும் இதன் தாய்வீடு. வறண்ட பூமியில் பிறந்ததால் தண்ணீருக்கு ஏங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்துவிட்டால், பிறகு பனியையும் வெயிலையும் கொண்டே காலத்தை ஓட்டிவிடும். வேரடியில் நீர் தேங்கினால்தான் ஆகாது.

அரபு வைத்தியர்கள் வழியாக ஐரோப்பா இந்த இலையை அறிந்தது. நெடுங்காலம் எகிப்தின் அலெக்ஸாந்திரியாத் துறைமுகமே இதன் பெரிய சந்தை. காட்டில் தானாக வளர்ந்த செடியில் பறித்து, ஒட்டகத்தின் மேலும் படகிலும் ஏற்றிக் கொண்டு வருவார்கள். வந்து சேரும்போது இலை நொறுங்கியிருக்கும். போதாக்குறைக்கு 'ஆர்கல்' என்ற வேறொரு செடியின் இலையும் அதில் கலந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிராக்கினார். இங்கே அது காட்டுச்செடியல்ல, வீட்டுப்பிள்ளை. முதல் பூங்கொத்தைக் கிள்ளிவிடுவார்கள். செடி கிளைத்து இலை பெருகும். கையால் பறித்து, நிறம் மாறாமல் நிழலில் உலர்த்தி, பொதியாக அழுத்திக் கட்டுவார்கள். கலப்படமற்ற முழு இலை என்று 'திருநெல்வேலி ஸென்னா' லண்டன் சந்தையில் பெயர் வாங்கிவிட்டது.

சாத்தான்குளம் பக்கம் அப்படியொரு வயலைப் பார்த்தேன். வெண்மையில் இளம்பச்சை கலந்த வண்ணத்துப்பூச்சிகள் செடிக்குச் செடி தாவிக்கொண்டிருந்தன. பூவின் அழகுக்கு வருகின்றனவோ என்று வயற்காரரிடம் கேட்டேன்.

"பூவுக்கு எங்க வருது, அண்ணாச்சி? இலையில முட்டை போட வருது. விட்டா எனக்கு முந்திப் புழு அறுவடை பண்ணிரும்!" என்றார்.

வாஸ்தவம். இந்தப் பூவில் தேனே கிடையாது. மகரந்தத்துக்காக வண்டுதான் வரும். வண்ணத்துப்பூச்சி நாடுவது தன் குஞ்சுப் புழுவுக்கான இலையை. மனிதனும் இலையை, பூச்சியும் இலையை! பூச்சிமருந்தடித்தால் புழு சாகும். ஆனால் நோயாளி குடிக்கப்போகும் கஷாயத்தில் அந்த நஞ்சின் மிச்சம் தங்கலாம். அலெக்ஸாந்திரியாவைக் கெடுத்தது கலப்பிலை என்றால், நம்மைக் கெடுக்கக் காத்திருப்பது இதுதான். ஆகவே கொஞ்சம் இலையைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்து, புழுவைக் கையால் பொறுக்கும் விவசாயியை நான் கஞ்சன் என்று சொல்லமாட்டேன். இருநூறு வருஷத்துப் பெயரைக் காப்பவர் அவர்.

அந்தப் பெயர் சாமான்யமானதல்ல. இலையின் வீரியம் எதில் இருக்கிறது என்பதை 1941இல் ஸ்விட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஸென்னா இருக்கிறது.

தூத்துக்குடியில் அரசாங்கத்தின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு சிப்பிப் பார்கள் தேறவில்லை. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகவும் பிரிந்தது. எனினும் இங்கே விளைந்து இங்கிருந்து கப்பலேறும் இலைக்கு உலகச் சந்தையில் இன்னும் திருநெல்வேலி என்றே பெயர். தூத்துக்குடிக்காரர்கள் இதில் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் முத்தைப்போல் இதையும் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட அவசரமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.