பிரஷர் மாத்திரையும் வெயிலும்: தோல் புற்றுநோய் அச்சம் எந்த அளவுக்கு உண்மை?

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த மாத்திரைகள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மருந்து கலந்துள்ளது. இதை நீண்ட காலம் உட்கொண்டால் சில வகைத் தோல் புற்றுநோய்களுக்கான வாய்ப்பு கூடலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018-லும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-லும் எச்சரித்தன.

இப்படி ஒரு செய்தி காதில் விழுந்ததும், "அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்ற எண்ணம்தான் முதலில் வரும். நிறுத்தக் கூடாது. ஏன் கூடாது என்பதையும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மருந்தும் வெயிலும் சேரும்போது

சில மருந்துகள் உடலில் இருக்கும்போது தோல் வெயிலைத் தாங்கும் திறனை இழக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை, முக்கியமாக 'ஏ' வகைக் கதிர்களை, அந்த மருந்தின் மூலக்கூறுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த ஆற்றல் சுற்றியுள்ள செல்களைத் தாக்குகிறது. இதனால் வழக்கமான வெயிலிலேயே முகம், கழுத்து, கைகள் சிவந்து எரியும். சிலருக்குக் கொப்புளமும் வரும்.

முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரப்படும் டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், மூட்டு வலிக்குப் பூசும் கீட்டோபுரோஃபென் ஜெல் ஆகியவை இந்த வரிசையில் வருபவை. கீட்டோபுரோஃபென் ஜெல் பூசிய இடத்தில், பூசும் நாட்களிலும் நிறுத்திய பிறகு இரண்டு வாரங்கள் வரையிலும் வெயில் படக் கூடாது என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் அறிவுரை.

வெயிலில் தோல் சிவப்பதும் புற்றுநோய் வருவதும் ஒன்றல்ல. ஒரு வாரம் சாப்பிடும் ஆன்டிபயாடிக்கால் தோல் எரிந்தால், மருந்து முடிந்ததும் அது சரியாகிவிடும். செல்லின் மரபுப்பொருளான டி.என்.ஏ பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் பாதிக்கப்படும்போதுதான் புற்றுநோய் பற்றிய கேள்வி எழுகிறது. ஆகவே கவலைக்குரியவை, ஆண்டுக்கணக்கில் எடுக்கும் ஒரு சில மருந்துகள் மட்டுமே.

எகிப்தில் தொடங்கிய பாடம்

மருந்தும் வெயிலும் சேர்ந்து தோலில் செயல்படுவதை முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தலூசிய மூலிகை அறிஞர் இப்னு அல்-பைதார், ஒரு செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் இருக்கச் செய்து வெண்புள்ளிகளைக் குணப்படுத்தும் முறையைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். 1940-களில் எகிப்தியத் தோல் மருத்துவர் அப்துல் முனயிம் அல்-முஃப்தி, அதே செடியிலிருந்து பிரித்த மெத்தாக்சலேனைக் கொண்டு கெய்ரோவில் வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். 1970-களில் அது 'பூவா' என்ற பெயரில், புற ஊதா விளக்கொளியுடன் சேர்த்து சொரியாசிஸ் நோய்க்கும் தரப்பட்டது.

பலன் கிடைத்தது, விலையும் இருந்தது. அமெரிக்காவில் பூவா சிகிச்சை பெற்ற 1,380 சொரியாசிஸ் நோயாளிகளை 1975 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சையின் எண்ணிக்கை கூடக் கூட, செதிள் செல் புற்றுநோய் என்னும் தோல் புற்றுநோயும் அவர்களிடம் கூடியது தெரிந்தது. அதனால்தான் இன்று இச்சிகிச்சையை அளவு பார்த்து, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தருகிறார்கள்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியிலும் இதே வகைப் பொருள் உள்ளது. அதை அரைத்துப் பூசிக்கொண்டு தாமாகவே வெயிலில் உட்காருவது கடுமையான தீப்புண்ணில் முடியலாம். இதைச் செய்ய வேண்டாம்.

பிரஷர் மருந்து பற்றிய எண்கள்

ஹைட்ரோகுளோரோதயசைடு பற்றிய முக்கியத் தகவல் டென்மார்க்கிலிருந்து வந்தது. 2004 முதல் 2012 வரை அந்நாட்டில் தோல் புற்றுநோய் வந்தவர்களின் மருந்துப் பதிவுகளை, நோய் வராதவர்களின் பதிவுகளுடன் ஒப்பிட்டார்கள். மொத்தமாக 50,000 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் செதிள் செல் புற்றுநோய் சுமார் 4 மடங்கும், அடித்தள செல் புற்றுநோய் சுமார் 1.3 மடங்கும் இருந்தன. அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வு, உதட்டுப் புற்றுநோயிலும் இத்தொடர்பைக் காட்டியது.

50,000 மில்லிகிராம் என்பது தினம் 25 மில்லிகிராம் வீதம் சுமார் ஐந்தரை ஆண்டுகள். 12.5 மில்லிகிராம் என்றால் சுமார் 11 ஆண்டுகள்.

'4 மடங்கு' என்பது பயமுறுத்தும் சொல்தான். ஆனால் எதன் 4 மடங்கு என்று கேட்க வேண்டும். இந்த மருந்தை எடுப்போரில் ஆண்டுக்கு 16,000 பேரில் ஒருவருக்குத்தான் கூடுதலாகச் செதிள் செல் புற்றுநோய் வருகிறது என்பது அமெரிக்க நிர்வாகத்தின் கணக்கு. 50,000 மில்லிகிராமுக்கு மேல் எடுத்த வெள்ளையர்களில் அது 6,700 பேருக்கு ஒருவர். வாய்ப்பு கூடுவது பெரும்பாலும் வெள்ளைத் தோல் உள்ளவர்களிடம்தான் என்றும் அந்நிர்வாகம் குறிப்பிட்டது. நம் தோலில் உள்ள மெலனின் நிறமி நமக்கு இயல்பாகவே ஓரளவு பாதுகாப்பு தருகிறது. மேலும், இவ்வகைப் புற்றுநோய்கள் தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் சிறிய அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும், மாரடைப்புக்கும், சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழி வகுக்கும். இவை நம் குடும்பங்கள் அன்றாடம் காணும் நோய்கள். மிகச் சிறிய ஓர் ஆபத்துக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தினால், அதைவிடப் பெரிய ஆபத்தை நாமே வரவழைத்துக் கொள்கிறோம். மருத்துவர் சொல்லாமல் இம்மருந்தை நிறுத்த வேண்டாம் என்றே எச்சரிக்கை விடுத்த அமைப்புகளும் கூறின.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

முதலாவது, சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். அவர்கள் எடுக்கும் அசாதயோபிரின் நோய் எதிர்ப்பைக் குறைப்பதோடு, தோல் செல்களைப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் இலக்காக்குகிறது. பூஞ்சைத் தொற்றுக்குப் பல மாதங்கள் தரப்படும் வோரிகோனசோலும் இத்தகையதே. இரண்டாவது, முன்பே தோல் புற்றுநோய் வந்தவர்கள். மூன்றாவது, பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்தவர்கள். நான்காவது, இம்மருந்துகளை எடுத்துக்கொண்டே வெட்டவெளியில் நாள் முழுவதும் வேலை செய்பவர்கள். வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களில் உழைக்கும் நம் சகோதரர்களும் இதில் அடங்குவர்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாத்திரை அட்டையைப் படியுங்கள். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்றவற்றுடன் சேர்ந்தும் ஹைட்ரோகுளோரோதயசைடு வருகிறது. பெயரின் முடிவில் உள்ள 'எச்' என்ற எழுத்து பெரும்பாலும் அதைத்தான் குறிக்கும்.

2. எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறீர்கள் என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் அவர் மாற்று மருந்து தருவார்.

3. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நேரடி வெயிலைக் குறைத்துக் கொள்ளுங்கள். நெருக்கமான நெசவுள்ள முழுக்கைச் சட்டையும் அகலமான விளிம்புள்ள தொப்பியும் நல்ல கவசம். திறந்திருக்கும் இடங்களில் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். உதட்டையும் மறக்க வேண்டாம்.

4. 'ஏ' வகைக் கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வரும். நீண்ட நேரம் வண்டி ஓட்டுபவர்கள் ஜன்னல் பக்கக் கையை மூடிக்கொள்வது நல்லது.

5. ஹஜ், உம்ரா செல்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். இஹ்ராமில் ஆண்கள் தொப்பி அணிய முடியாது, குடை பிடித்துக்கொள்ளலாம். சன்ஸ்கிரீன் நறுமணம் இல்லாததாக இருக்கட்டும்.

6. மாதம் ஒருமுறை தோலைப் பாருங்கள். நான்கு வாரமாகியும் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் பொருக்கு, வளரும் கட்டி, கீழுதட்டில் தடிப்பு ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருநிற, மாநிறத் தோலில் செதிள் செல் புற்றுநோய் வெயில் படாத இடத்திலும், பழைய தீக்காயத் தழும்பிலும், நாள்பட்ட புண்ணிலும் தோன்றுவதுண்டு. ஆகவே கால்களையும் தழும்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

வயதான பெற்றோர் உள்ள வீடுகளில் இந்த வேலையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வது நல்லது. முதுகில் உள்ள புண் அவர்களுக்குத் தெரியாது. மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தும் தெரியாது. மாத்திரை வழக்கம்போல் தொடரட்டும். வெயிலுக்குக் குடையும், தோலின் மீது ஒரு கண்ணும் இருக்கட்டும்.