மென்பொருள் நம்பகத் தரவு சேகரிப்பு

மென்பொருள் நம்பகத் தரவு சேகரிப்பு என்பது, ஒரு மென்பொருள் எவ்வளவு நேரம் ஓடியபின், எந்தச் சூழலில் செயலிழந்தது என்பதைப் பதிந்துவைக்கும் முறை. குறித்த காலம்வரை அது தடையின்றி ஓடுவதற்கான நிகழ்தகவு இப்பதிவுகளிலிருந்து மதிப்பிடப்படுகிறது. நிரலில் உறையும் குறை 'வழு'. அது வெளிப்பட்டு வேலை தடைபடுவது 'செயலிழப்பு'.

வரலாறு

நம்பகத்தை மதிப்பிடும் கணித மாதிரிகளுள், ஜெலின்ஸ்கி, மொராண்டா இருவரும் 1972-இல் வெளியிட்டது முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் போர்த்தந்திரத் தரவு அமைப்பின் பதிவுகள் அதற்கு அடிப்படையாயின. 250 நாட்களில் 26 வழுக்கள் அதில் பதிவாகியிருந்தன. கணக்கு நாட்காட்டி நாட்களில் இருந்ததால், கணினி ஓயாது ஓடிய நாளும் சும்மா கிடந்த நாளும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. இக்குறையைப் போக்கியவர் பெல் ஆய்வகத்தின் ஜான் மூசா. மையச் செயலகம் நிரலை இயக்கிய நேரமே சரியான அளவு என்பதை அவர் 1975-இல் நிறுவினார். 16 அமைப்புகளிலிருந்து அவர் திரட்டிய தரவு 1979-இல் வெளிவந்தது. முதல் அமைப்பில் மட்டும் 136 செயலிழப்புகள். பின்வந்த மாதிரிகள் பலவும் இத்தொகுப்பில் உரசிப் பார்க்கப்பட்டன. அதே ஆண்டில் அம்ரித் கோயலும் ஒகுமோட்டோவும், செயலிழப்பு வீதம் நாளடைவில் தணிவதைக் காட்டும் மாதிரியை வெளியிட்டனர்.

வகைகள்

தரவு இருவகைப்படும்: அடுத்தடுத்த செயலிழப்புகளுக்கு இடைப்பட்ட நேரம், வாரம் போன்ற ஒரு கால அளவில் நேர்ந்த செயலிழப்புகளின் எண்ணிக்கை. முன்னதிலிருந்து பின்னதைக் கணக்கிடலாம். பின்னதிலிருந்து முன்னதைப் பெற இயலாது. எனவே முன்னதே சிறந்தது.

ஐதராபாத்தில்

1967-இல் அணுசக்தித் துறையின்கீழ் இங்கு நிறுவப்பட்ட இந்திய மின்னணுக் கழகம் (இ.சி.ஐ.எல்.), அணுஉலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்துவருகிறது. உலைப் பாதுகாப்பு மென்பொருள் அரிதாகவே செயலிழக்க வேண்டியது என்பதால், அத்தகைய அமைப்புகளில் செயலிழப்பின்றிக் கடந்த சோதனைகளும் தரவாகின்றன. ஆயிரம் முறை அழைத்தால் ஒருமுறைக்கு மேல் தவறாது என 99 விழுக்காட்டு உறுதியுடன் சொல்ல, இயக்கச் சூழலை ஒத்த சுமார் 4,600 சோதனைகள் ஒரு தவறும் இன்றி முடிய வேண்டும்.

இந்திய ரயில்வேயின் 'கான்செர்ட்' முன்பதிவு மென்பொருள் 1994-இல் ஐதராபாத்தின் இரட்டை நகரான செகந்திராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை மையங்களுக்கும் பரவியது. இவ்வாறு ஒரே நிரல் பல மையங்களில் ஓடும்போது எல்லா மையங்களின் ஓட்ட நேரத்தையும் கூட்ட வேண்டும். ஒரே வழு பல இடங்களில் தலைகாட்டினாலும் முதல் தோற்றம் மட்டுமே கணக்கில் சேரும்.

தற்போது செயலிழப்பு அறிக்கைகள் பெரும்பாலும் இணையம்வழித் தாமாகவே திரட்டப்படுகின்றன.