லேஸ் கடதாசி ஒட்டிய பெட்டையள்

போன மாசியில் எங்கட பச் நாடகத்துக்குக் காசு தேவைப்பட்டது. லைட் வாடகை, உடுப்பு, துணிப் பதாகை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கையில் இருந்தது காணாது. நாங்கள் ஐந்து பேர் இருந்து யோசித்து, வலண்டைன் நாளுக்குக் கையால் வாழ்த்து மட்டை செய்து கன்ரீன் வாசலில் விற்கிறதென்று முடிவெடுத்தோம். பிறிஸ்டல் போட், கலர்த் தாள், மினுங்கல் கடதாசி, ரிப்பன், பைண்டர் கம், பூ வடிவத்தில் ஓட்டை போடுகிற ஒரு பஞ்ச். கேக் சாமான் விற்கிற கடையில் கேக்குக்குக் கீழே வைக்கிற வெள்ளை லேஸ் கடதாசியும் இரண்டு பைக்கற் வாங்கினோம்.

60 மட்டை செய்தோம். ஒன்று 150 ரூபா. மூன்று நாளில் முடிந்தது. சாமான் செலவு 4,350, வந்த காசு 9,000, இலாபம் 4,650. அறைக்கு வந்து கொப்பியில் எழுதிப் பெரிய சந்தோசம். அப்போதுதான் எங்களில் ஒருத்தி கேட்டாள்: “சரி, என்ர கைக்கு எவ்வளவு போட்டனீங்கள்?”

அவள்தான் பாதிக்கு மேல் செய்தவள். ஒரு மட்டைக்கு 35 நிமிசம் என்று போனில் நேரம் பிடித்து வைத்திருந்தாள். 60 மட்டைக்கு 35 மணித்தியாலம். இலாபத்தைப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 133 ரூபா. அதுவும் அவளுக்குப் போகவில்லை, நாடகக் காசுக்குள் போய்விட்டது. “பொதுவேலைதானே” என்று ஒருவர் சொல்ல, அன்றிரவு அறையில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் வாழ்த்து மட்டையின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, எங்களுக்கு முன்பும் நிறையப் பெட்டையள் இதே மேசையில் இருந்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

முதலில் தபாலைச் சொல்ல வேண்டும். 1840க்கு முன் பிரித்தானியாவில் கடிதச் செலவைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கொடுப்பார். தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் போடுவார்கள். உறைகூட இன்னொரு தாளாகக் கணக்கு. அப்படி ஒரு காலத்தில் அடுக்கடுக்காக ஒட்டின மட்டையை யார் தபாலில் போடுவது? 1840இல் ஒரு பென்னித் தபால் வந்தது. அனுப்புபவர் முத்திரை ஒட்டினால் நாட்டுக்குள் எங்கும் போகும். மூன்று வருசத்தில், 1843இல், ஹென்றி கோல் என்ற அரச உத்தியோகத்தர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு நத்தார் வாழ்த்து மட்டை ஒன்றை வரைவித்தார். வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அவருக்கு நேரமில்லை, அதுதான் காரணம். 1,000 பிரதி அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டி, மட்டை ஒன்று ஒரு சிலிங்குக்கு விற்றார்கள். ஒரு சிலிங் என்றால் 12 பென்னி, அதாவது 12 கடிதம் அனுப்பும் காசு. சோம்பலில் பிறந்த பொருள்தான், ஆனால் மலிவாகப் பிறக்கவில்லை. வர்ணம் தீட்டின கைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

லேஸ் கடதாசியின் கதையும் அதே காலத்துக்குரியது. கடதாசியை உலோக அச்சின் மேல் வைத்து அழுத்தினால் பூவேலைப்பாடு மேடாக எழும்பி நிற்கும். மேடான பாகத்தை உரசி எடுத்தால் அந்த இடம் ஓட்டையாகும், கடதாசி லேஸாகிவிடும். 1834 அளவில் இலண்டனில் ஜோசப் அடன்புறூக் என்ற தொழிலாளி இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்பார்கள். நாங்கள் கேக் கடையில் வாங்கின அந்த வெள்ளை வட்டத்துக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கும் என்று ஆர் நினைச்சது!

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கேயும் 1845இல் கட்டணம் குறைந்து, 300 மைலுக்குள் ஒரு கடிதம் 5 சதத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண், 1828இல் பிறந்தவர், 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் படிப்பை முடித்து வீட்டுக்கு வருகிறார். அதே வருசம் அவர் வெளியேற உள்ளே வந்தவர் கவிஞர் எமிலி டிக்கின்சன். 1848 மாசியில் டிக்கின்சன் தன் தமையனுக்கு எழுதின கடிதத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கல்லூரித் தலைவி மேரி லையன் மண்டபத்தில் எழும்பி நின்று வலண்டைன் அனுப்பக் கூடாது என்று தடை போட்டாராம். ஆனால் முதல் வருசத்து அனுபவம் உள்ள மாணவிகள் முன்கூட்டியே எழுதி வெளியில் கொடுத்து வைத்ததால் ஏறக்குறைய 150 போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஹொஸ்டல் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஹௌலண்டின் தகப்பன் புத்தகமும் எழுதுபொருளும் விற்கிற கடைக்காரர். படித்து முடித்த கையோடு இங்கிலாந்தில் செய்த ஒரு வலண்டைன் மட்டை மகளுக்குக் கிடைக்கிறது. இதைவிட நல்லாய்ச் செய்யலாமே என்று தோன்றுகிறது. தகப்பன் மூலம் லேஸ் கடதாசி, அச்சடித்த பூப்படங்கள், வர்ணத் தாள் எல்லாம் தருவித்து மாதிரிகள் செய்கிறார். தமையனோ தம்பியோ, ஒரு சகோதரன் கடைச் சாமான் விற்கப் போகும்போது அந்த மாதிரிகளையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிறார். 200 டொலருக்கு ஓடர் வந்தால் போதும் என்று எஸ்தர் நினைத்திருந்தார். சகோதரன் திரும்பி வந்தது 5,000 டொலருக்கு மேற்பட்ட ஓடரோடு. இது பின்னாளில் திருப்பித் திருப்பிச் சொல்லப்பட்ட கதை. வெற்றிபெற்றவர்களின் தொடக்கக் கதைகளில் எண்கள் எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓடர் பெரிதாக வந்தது உண்மை, ஏனென்றால் அடுத்து நடந்ததற்கு வேறு காரணம் சொல்ல ஏலாது.

தனியச் செய்ய முடியாமல் சிநேகிதிகளைக் கூப்பிட்டார். வீட்டின் மேல்மாடியில் நீள மேசை. ஒருத்தி படம் வெட்டுவாள். இன்னொருத்தி பின்னணித் தாளை வைப்பாள். மற்றவள் லேஸை ஒட்டுவாள். ஹௌலண்ட் செய்த மாதிரி மட்டை முன்னால் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் அவரே சரிபார்ப்பார். ஹென்றி போர்ட் நகரும் பட்டியில் கார் பூட்டத் தொடங்கியது 1913இல். அதற்கு அறுபது வருசத்துக்கு மேல் முன்பே காதல் மட்டையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்துவிட்டார்கள்.

வேலைப்பாட்டைச் சும்மா சொல்லிவிட்டுப் போக மனமில்லை. வெள்ளை லேஸுக்குக் கீழே சின்னதாக வெட்டின மினுங்கும் வர்ணத் தாளை வைப்பது ஹௌலண்டின் கை. ஓட்டைகளுக்குள்ளால் நிறம் எட்டிப் பார்க்கும். லேஸை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இடையில் மடித்த கடதாசித் துண்டுகளை ஸ்பிரிங் மாதிரிக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். மட்டை பெட்டி போல ஆழமாகத் தெரியும். இதை நாங்கள் செய்து பார்த்தோம். மடிப்பு ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் லேஸ் சரிந்துவிடும். பசை கூடினால் ஈரத்தில் ஓட்டைகள் அடைத்துவிடும். ஐந்தில் மூன்றைக் குப்பையில் போட்டோம்.

மட்டையின் பின்பக்கத்தில் சிவப்பில் ஒரு எச் எழுத்துப் போடுவார்கள். விலை 5 சதத்திலிருந்து பத்துக்கணக்கான டொலர் வரை. 1870களில் வியாபாரம் நியூ இங்கிலன்ட் வலண்டைன் கொம்பனி என்ற பெயருக்கு வந்தது. 1879இல் 131 வாழ்த்துப் பாக்கள் கொண்ட ஒரு புத்தகம் போட்டார்கள். மட்டை பிடித்திருக்கு, பா பிடிக்கவில்லை என்றால் வேறு பாவைத் தெரிந்து மேலே ஒட்டிக் கொடுக்கலாம். காதலைக்கூட உதிரிப்பாகமாக்கிய மூளை!

இணையத்தில் ஹௌலண்டைத் தேடினால் ‘அமெரிக்க வலண்டைனின் தாய்’ என்று வரும். அவருக்கு முன்பே நியூயோர்க்கில் வலண்டைன் விற்றார்கள் என்பது இருக்கட்டும். பெண் தொழில்முனைவோர், துணிச்சல்காரி, இளம்பெண்களுக்கு முன்மாதிரி என்று பத்துக் கட்டுரை இருக்கும். பொய் இல்லை. 1866இல் முழங்காலில் அடிபட்டு, பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடி வேலையை நடத்தியவர். ஆனால் அந்தப் பத்துக் கட்டுரையிலும் மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பெயர் இல்லை. ‘சிநேகிதிகள்’, ‘பெண்கள்’, அவ்வளவுதான். சிவப்பு எச்சுக்குப் பின்னால் எத்தனை விரல் பசையில் ஊறியது?

இன்னொரு விபரம் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்குத் தேவையான சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஒரு கிழமை கழித்து வண்டி வந்து செய்த மட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கட ஊரில் இது புது விசயமா? பனையோலைப் பெட்டி இழைக்கிற அம்மம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓலையும் வீட்டில், கையும் வீட்டில், விலை மட்டும் வெளியில். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலைக்கு மணித்தியாலம் கணக்கில்லை. அது வேலை என்றே சொல்லப்படாது, ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்யிறது’.

1881இல் ஹௌலண்ட் கொம்பனியை அதே ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் விட்னிக்கு விற்றார். சுகமில்லாத தகப்பனைப் பார்க்க வேண்டியிருந்தது என்கிறார்கள். முப்பது வருசத்துக்கு மேல் முதலாளியாக இருந்தவரையும் கடைசியில் வீடு கூப்பிட்டுவிட்டது. விட்னி இயந்திரம் பூட்டி லேஸையும் சொந்தமாகவே அடித்தார். கையால் ஒட்டுகிற மட்டையின் இடத்தை அச்சு மட்டை பிடித்தது. அந்தக் கொம்பனி மூடியது 1942இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கடதாசித் தட்டுப்பாட்டில்.

கடதாசித் தட்டுப்பாடு என்று வாசித்ததும் நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லையென்று பிற்போட்டது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கட அம்மாமாருக்கு அதைவிடப் பழைய ஞாபகம் இருக்கிறது.

எங்களில் ஒருவரின் அம்மா 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவர். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. பொங்கலுக்கும் நத்தாருக்கும் கடையில் வாழ்த்து மட்டை வாங்க முடியாது. அம்மாவும் சின்னம்மாவும் பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தை வெட்டி, புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த பூவிதழைச் சோத்துப் பசையால் ஒட்டி, மைப்பேனையால் வாழ்த்து எழுதுவார்களாம். சந்தியில் இருந்த ஒரு சின்னக் கடைக்காரர் பத்து மட்டையை எடுத்துக்கொண்டு ஒரு கொப்பி கொடுப்பாராம்.

“காசு தரேல்லையோ அம்மா?” என்று கேட்டோம்.

“காசை வச்சு என்ன செய்யிறது? கொப்பி எல்லோ பெரிசு அப்ப.”

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: “ஆனா பிள்ளையள், அந்தாள் மட்டைய என்ன விலைக்கு வித்ததெண்டு நாங்கள் கேட்டதே இல்லை.”

நாங்கள் எங்கட கணக்குக்குத் திரும்பி வந்தோம். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னொரு தடவை செய்வதென்றும், இம்முறை கைக்கூலியையும் விலைக்குள் போடுவதென்றும் பேசினோம். இதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து இருக்கவில்லை. தொண்டு வேலையில் கூலி பார்க்கத் தொடங்கினால் எல்லாமே வியாபாரமாகிவிடும் என்று ஒருவர் கடைசிவரை நின்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஆனால் மேசையில் இருந்து ஒட்டின நேரம் அவருடையது குறைவு என்பதையும் நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசியில் மட்டைக்கு 250 ரூபா என்று தீர்மானித்து, யார் எத்தனை செய்தது என்று பெயர் போட்டு எழுதினோம். மட்டையின் பின்பக்கத்திலும் செய்தவளின் முதலெழுத்தை வைத்தோம்.

கன்ரீன் வாசலில் ஒரு சீனியர் அண்ணா மட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கையால செய்ததுதானே, பிறகேன் தங்கச்சி இவ்வளவு விலை?”

அவள் 35 நிமிசக் கணக்கைச் சொன்னாள். மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டு வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் திரும்பி வந்து ஒன்று வாங்கினார்.

30 செய்ததில் 19 விற்றது. மிச்சம் 11 பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது, லேஸ் நசியாமல் இடையில் ரிசு வைத்திருக்கிறோம்.